முதன்முறை கார் பந்தயம் பார்க்க வருபவருக்கு எதை முதலில் சொல்வது?

மேடவாக்கம்_தந்தை

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் என் பன்னிரண்டு வயது மகளை முதன்முறையாக ஒரு தேசிய அளவிலான கார் பந்தயத்துக்கு அழைத்துச் சென்றேன். எந்த இடம், யார் நடத்தினார்கள் என்பதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய் மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தோம். இடைப்பட்ட நேரத்தில் ஐந்து பந்தயங்கள் நடந்தன. அவற்றில் ஒன்றுகூட எங்கள் இருவருக்கும் முழுமையாகப் புரியவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மூன்றாவது பந்தயத்தில் ஒரு சிவப்பு நிறக் கார் முதலில் கோட்டைத் தாண்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம். அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பரிசளிப்பு நடந்தபோது, மேடையின் நடுவில் வேறொருவர் நின்றார். சிவப்புக் காரை ஓட்டியவர் மேடையிலேயே இல்லை. "அப்பா, முதலில் வந்தவர் எங்கே?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், ஆனால் அடுத்த பந்தயத்துக்கான கார்கள் அப்போது தடத்துக்குள் வந்துகொண்டிருந்ததால் அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அதற்கு முந்தைய பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்த ஒரு சிறிய காருக்கு முதல் பரிசுக் கோப்பை கிடைத்தது. அதுவும் எங்களுக்கு விளங்கவில்லை.

மகளுக்கு ஆர்வம் போகவில்லை என்பது எனக்கு ஆறுதல். மீண்டும் போகலாம் என்கிறாள். அதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன்: தொழில்முறையாக அல்லாமல் விருப்பத்துக்காக ஓட்டுபவர்கள் கலந்துகொள்ளும் இத்தகைய பந்தயங்களைப் பார்க்க வரும் புதியவருக்கு, எதை முதலில் சொன்னால் அந்த நாள் புரியும்?

கொடிமேடை

ஐயா, நான் பதினோரு ஆண்டுகளாகத் தன்னார்வ மார்ஷலாக வளைவுகளில் கொடி பிடிப்பவன். உங்கள் மகள் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி.

கோட்டை முதலில் தாண்டுவதும் பந்தயத்தை வெல்வதும் ஒன்றல்ல. பச்சை விளக்கோ சிவப்பு விளக்கு அணைவதோ வருவதற்கு முன்பே கார் நகர்ந்திருந்தால், மஞ்சள் கொடி காட்டப்பட்ட இடத்தில் முந்தியிருந்தால், இன்னொரு காரை இடித்து இடம் பிடித்திருந்தால், ஓட்டுநரின் மொத்த நேரத்துடன் சில நொடிகளைத் தண்டனையாகக் கூட்டுவார்கள். முதலாவதாக வந்தவர் இரண்டு நொடி முன்னிலையில் இருந்து, அவருக்கு ஐந்து நொடி தண்டனை விதிக்கப்பட்டால், முடிவுத் தாளில் அவர் கீழே இறங்கிவிடுவார். பந்தயம் முடிந்ததும் கார்கள் நேராகக் கொட்டகைக்குப் போவதில்லை. காவலுடன் கூடிய ஓரிடத்தில் நிறுத்திவைக்கப்படும். அங்கே குழுவினர் யாரும் காரைத் தொடக் கூடாது. எடை பார்ப்பார்கள், எஞ்சினின் முத்திரையைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பிரித்தும் பார்ப்பார்கள். குறைந்தபட்ச எடைக்குக் கீழே ஒரு கிலோ குறைந்தாலும் அந்த ஓட்டுநர் நீக்கப்படலாம். முதலில் ஒட்டப்படும் தாளில் "தற்காலிக முடிவு" என்றுதான் இருக்கும். அதன் பிறகு மறுப்புத் தெரிவிப்பதற்குப் பொதுவாக 30 நிமிடம் அவகாசம் உண்டு. நீங்கள் காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில் நடந்தது அநேகமாக இதுதான்.

ஆகவே, புதியவருக்கு முதலில் நான் சொல்வது, ஒலிபெருக்கியை நம்பாமல் அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே. தண்டனை பற்றிய ஒவ்வொரு முடிவும் நேரத்துடனும் காரணத்துடனும் அங்கே ஒட்டப்படும்.

இரண்டாவதாகக் கொடிகள். கொடிகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓட்டுநருக்குத்தான் எல்லாக் கொடிகளும் தெரிய வேண்டும். பார்வையாளருக்கு மூன்று போதும். மஞ்சள் கொடி அசைந்தால், அந்தக் கொடிமேடைக்கு அப்பால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். கொடியைப் பார்க்காமல் அதைத் தாண்டி அடுத்த வளைவைப் பாருங்கள். இரண்டு மஞ்சள் கொடிகள் அசைந்தால் ஆபத்து பெரிது, தடத்தில் மனிதர்களே நிற்கக்கூடும். நீலக் கொடி அசைந்தால், ஒரு லேப், அதாவது தடத்தின் ஒரு முழுச் சுற்று, பின்தங்கிய காரை வேகமான கார் நெருங்கிவிட்டது என்று பொருள். அங்கே நடக்கும் முந்துதல் இடத்துக்கான போட்டி அன்று, வழிவிடுதல். சிவப்புக் கொடி வந்தால் பந்தயம் நின்றது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

செட்டிபாளையம்_கார்த்தி

கொடிமேடை அண்ணா சொன்னது தண்டனை பற்றியது. ஒன்பதாவதாக வந்த சிறிய காருக்குக் கோப்பை கிடைத்தது வேறு விஷயம். என் அனுபவத்தில் புதியவர்களைத் திணறடிப்பது இதுதான்.

ஒரு பிரிவில் போதுமான கார்கள் பதிவாகாவிட்டால் இரண்டு அல்லது மூன்று பிரிவுகளை ஒரே பந்தயத்தில் சேர்த்து ஓட்டுவார்கள். நம் தேசியப் போட்டிகளின் கூரை உள்ள கார்களில் இந்தியன் டூரிங் கார்ஸ், இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ், சூப்பர் ஸ்டாக் என்று பிரிவுகள் உண்டு. எஞ்சினை எவ்வளவு மாற்றலாம், எவ்வளவு எடை வேண்டும் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள், ஒரே கொடியின் கீழ் முடிப்பார்கள், ஆனால் பரிசும் புள்ளியும் தனித்தனி. ஆகவே ஒன்பதாவதாக வந்தவர் தன் பிரிவில் முதலாவதாக இருந்திருப்பார். அவருக்கு முன்னால் ஓடிய எட்டுப் பேரும் அவருக்குப் போட்டியாளர்களே அல்லர். அவருடைய உண்மையான போட்டியாளர் பத்தாவதாக, அவருக்கு அரை நொடி பின்னால் வந்திருக்கக்கூடும். நீங்கள் முன்னணியில் இருந்த இரண்டு கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அன்றைய நல்ல போட்டி பின்னால் நடந்திருக்கலாம்.

பெயர்க் குழப்பமும் இருக்கிறது. "ஃபார்முலா 4" என்ற பெயரில் நம் ஊரில் இரண்டு வேறு வேறு போட்டிகள் ஓடுகின்றன. ஒன்று, எல்ஜிபி ஃபார்முலா 4. இது கோயம்புத்தூரில் பிறந்தது, இரும்புக் குழாய்ச் சட்டகமும் மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் எஞ்சினும் கொண்டது. மற்றொன்று, சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் ஃபார்முலா 4. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் இரவில் ஓடியது இந்த இரண்டாவது வகை. கார்பன் இழைச் சட்டகம், டர்போ எஞ்சின், ஓட்டுநர் தலைக்கு மேல் ஹாலோ எனப்படும் வளையம் ஆகியவை அதன் அடையாளங்கள். தீவுத்திடலில் பார்த்துவிட்டு எங்கள் ஊர் காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வந்த உறவினர் ஒருவர், அதே கார்கள் ஏன் இங்கே மெதுவாக ஓடுகின்றன என்று கேட்டார். அவை அதே கார்கள் அல்ல என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

எல்ஜிபி கார்களுக்கு முன்னோடி எங்கள் ஊர் கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி. சாலையில் ஓடும் மாருதி 800 காரின் எஞ்சினையே எடுத்து, பணக்காரர் அல்லாதவரும் ஓட்டக்கூடிய ஒற்றை இருக்கைக் காரை அவர் உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர் என்பதே அந்த வழியின் உயிர். முதன்முறை வருபவர் இப்படிப்பட்ட ஒரே வகைக் கார் பந்தயத்தில் தொடங்கினால் நல்லது. யார் முன்னால் இருக்கிறாரோ அவரே முன்னால் இருக்கிறார்; பிரிவுக் கணக்கு குறுக்கே வராது.

உடுமலை_செல்வி

நான் கார் பந்தயத்தைவிட ரேக்ளாப் பந்தயம் அதிகம் பார்த்து வளர்ந்தவள். கார்த்தி அண்ணா சொன்னதைப் படித்தபோது, நம் மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதே அல்ல என்று தோன்றியது.

எங்கள் பக்கம் ரேக்ளாவில் காளைகளை 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரித்து, ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக ஓடவிட்டு நேரத்தைக் குறிப்பார்கள். இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதே இல்லை. கடிகாரம்தான் எதிராளி. சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் வேறு மாதிரி. எல்லா வண்டிகளும் சேர்ந்து ஒரே சாலையில் ஓடும். அங்கே பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள்; ஒவ்வொன்றுக்கும் தனித் தூரம், அதையும் இன்றுவரை மைலில்தான் சொல்கிறார்கள். சாலையோரம் நிற்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் இப்போது ஓடுவது எந்தப் பிரிவு என்று தெரியும். பூஞ்சிட்டில் வென்ற மாடு பெரிய மாட்டை ஏன் தோற்கடிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

கார் உலகிலும் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. கூம்புகளை வைத்து ஒவ்வொரு காராக ஓட்டி நேரம் பார்க்கும் ஆட்டோகிராஸ் எங்கள் ஊர் ரேக்ளா. கூம்பை இடித்தால் நேரத்துடன் சில நொடி கூட்டுவார்கள், அவ்வளவுதான் விதி. வட்டமான தடத்தில் எல்லோரும் சேர்ந்து ஓடுவது சிவகங்கைப் பந்தயம். "நீங்கள் பார்க்கப்போவது கடிகாரத்தோடு போட்டியா, பக்கத்துக் காரோடு போட்டியா?" என்ற ஒரே கேள்வியில் தொடங்கினால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் புரிந்துவிடும். நாம் இங்கே பேசுவதை எல்லாம் புதியவர்களுக்கான ஒரு துண்டறிக்கையாக, ஒரே தாளில், நான் எழுதிப் பார்க்கட்டுமா?

தனிவளைவு

எல்லோருடைய நல்லெண்ணத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான் சோழவரத்தில் பந்தயம் பார்த்தவன். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் அது. நிழல் இல்லை, பலகை இல்லை, துண்டறிக்கை இல்லை. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நிரந்தரத் தடம் வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் போயிருக்கிறேன். ஒன்றும் புரியாமல் தொடங்கி, கேட்டுக் கேட்டு, தவறாகப் புரிந்துகொண்டு, பிறகு திருத்திக்கொண்டு கற்றேன். அந்தத் தேடல்தான் என்னை இந்த விளையாட்டில் நாற்பது ஆண்டுகள் வைத்திருந்தது. எல்லாவற்றையும் எளிமையாக்கிக் கையில் கொடுத்துவிட்டால், சிக்கலான ஒன்றைச் சிக்கலற்றது என்று பொய் சொன்னதாக ஆகிவிடும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். 2005-இல் அமெரிக்க கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா 1 பந்தயத்தில் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். முடிவுத் தாளை மட்டும் பார்ப்பவர் ஒன்று நினைப்பார். டயர் பாதுகாப்புக் காரணமாக மிஷலின் டயர் அணிகளின் 14 கார்கள் பந்தயத்திலிருந்து விலகியதையும், ஆறே கார்கள் ஓடியதையும் தெரிந்தவர் வேறொன்று நினைப்பார். அவருடைய ஜோர்டன் அணியின் காரில் ஒரு தவறும் செய்யாமல் முழுத் தூரமும் ஓட்டி முடித்தது எத்தகைய வேலை என்று தெரிந்தவர் மூன்றாவதாக ஒன்று நினைப்பார். இந்த மூன்றாவது புரிதலை எந்தத் துண்டறிக்கையும் தராது.

மேடவாக்கம்_தந்தை

தனிவளைவு ஐயாவுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொல்லும் மூன்றாவது புரிதல் என் மகளுக்கு வர வேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால் நீங்கள் கேட்டுக் கேட்டுக் கற்றேன் என்கிறீர்கள். கேட்பதற்கு உங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் இருந்தவர்களும் எங்களைப் போலவே முதன்முறை வந்தவர்கள். என்ன கேட்பது என்றுகூடத் தெரியாதவருக்குக் கேள்வி எப்படி வரும்? ஒரு தாள் பதில்களைத் தராவிட்டாலும் கேள்விகளைத் தந்தால் போதும்.

நேரக்கணக்கு

நான் நேரக் குறிப்புக் குழுவில் இருக்கிறேன். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பார்வையாளரின் கண் ஏமாறும் இடம் அதுதான்.

ஒவ்வொரு காரிலும் சைகை அனுப்பும் ஒரு சிறிய கருவி பொருத்தப்பட்டிருக்கும். கோட்டுக்கு அடியில் தரையில் புதைத்த கம்பிச் சுருள் அதன் சைகையை வாங்கி, நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை பதிவு செய்யும். 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கில் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. இதெல்லாம் இயந்திரத்தின் வேலை. பார்வையாளர் செய்ய வேண்டியது வேறு.

இரண்டு கார்களுக்கு நடுவே சரியாக ஒரு நொடி இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பாதையில் 150 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடி ஏறத்தாழ 42 மீட்டர். அதே கார்கள் 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்து ஒரு கூர்வளைவுக்குள் நுழையும்போது அதே ஒரு நொடி 17 மீட்டர்தான். வளைவில் நிற்கும் புதியவர், பின்னால் வருபவர் நெருங்கிவிட்டார் என்று எழுந்து நிற்பார். வளைவிலிருந்து வெளியேறியதும் இடைவெளி மீண்டும் விரியும். ஐயோ விட்டுவிட்டாரே என்று உட்காருவார். உண்மையில் எதுவும் மாறவில்லை. வேகம் குறைந்தால் தூரம் சுருங்கும், கூடினால் விரியும். நேர இடைவெளி அப்படியே இருக்கிறது. என் மாமனாரை முதன்முறை அழைத்துப்போனபோது அவர் பந்தயம் முழுவதும் இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

இதற்கு ஒரே மருந்து, தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்ப்பது. தடத்தில் அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு விளம்பரப் பலகையின் ஓரம், சுவரில் ஒரு வண்ணக் கோடு, எதுவானாலும் சரி. முதல் கார் அதைத் தாண்டும்போது கைபேசியில் நிறுத்துகடிகாரத்தைத் தொடங்கி, இரண்டாவது கார் தாண்டும்போது நிறுத்துங்கள். அடுத்த லேப்பிலும் அதே இடத்தில் அதையே செய்யுங்கள். 2.4, 2.1, 1.8 என்று வந்தால், ஒரு லேப்புக்கு 0.3 நொடி குறைகிறது. இன்னும் ஆறு லேப்பில் பின்னவர் முன்னவரின் வாலைப் பிடிப்பார். பந்தயம் முடிய நான்கு லேப்தான் இருக்கிறது என்றால் பிடிக்க மாட்டார். அறிவிப்பாளர் சொல்வதற்கு முன்பே இதை நீங்கள் சொல்லிவிடலாம். முன்னவரைப் பிடித்துவிட்ட பிறகு அந்த 0.3 அப்படியே நீடிக்காது, ஏனென்றால் பின்தொடர்வதும் முந்துவதும் வேறு வேறு வேலைகள். அங்கிருந்துதான் கண்ணால் பார்க்கும் பந்தயம் தொடங்குகிறது.

தனிவளைவு

நேரக்கணக்கு எழுதியிருப்பது எளிமையாக்கல் அன்று. இது கற்பித்தல். இத்தகைய ஒன்று தாளில் வருமானால் என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன்.

இதனுடன் ஒன்று சேர்க்கிறேன். புதியவர்கள் தொடக்கக் கோட்டின் எதிரிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்துவிடுகிறார்கள். புறப்பாட்டுக்கு அது நல்ல இடம், மற்ற நேரத்துக்கு அன்று. நீண்ட நேர்ப்பாதை முடிந்து கடுமையாகப் பிரேக் பிடிக்கும் வளைவுக்குப் போங்கள். தடத்தோரம் தூரம் காட்டும் பலகைகள் இருக்கும். ஒரே ஓட்டுநர் பத்து லேப்பும் ஒரே பலகையின் அருகில் பிரேக் பிடிக்கிறாரா, அல்லது ஒருமுறை முன்பும் ஒருமுறை பின்பும் பிடிக்கிறாரா என்று பாருங்கள். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு விரியும் அந்தக் கோட்டை ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு சாண் பிசகாமல் போடுவதைக் கண்டால், அவர் பெயர் தெரியாவிட்டாலும் அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். முந்த முயல்பவர் அந்தக் கோட்டை விட்டு உள்பக்கமாகப் பாய்ந்து, பிந்திப் பிரேக் பிடித்து, அதற்கு விலையாக வளைவின் வெளிவாயிலில் வேகத்தை இழப்பார். முந்திய ஓட்டுநரை அடுத்த நேர்ப்பாதையிலேயே மற்றவர் திரும்ப முந்துவதற்கு இதுவே காரணம்.

ஊவா_மலையோரம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலைத் தொடக்கத்திலிருந்து வாசித்து வருகிறேன். இங்கே நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1930களில் தொடங்கியது. சித்திரை மாதப் பருவத்தின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு வாகனமாக மேடேறும், நேரம் குறிக்கப்படும். உடுமலைச் சகோதரி சொன்ன கடிகாரப் போட்டிதான். எங்கள் வீட்டில் எல்லோரும் முதலில் புரிந்துகொண்டது அதைத்தான்.

ஆனால் புதியவருக்கு முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு என்னுடைய பதில் வேறு. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் சூப்பர் குரோஸ் போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒரு சிறு பிள்ளையும் இருந்தது. அன்று முதல், பந்தயம் பார்க்க எவரையாவது அழைத்துச் சென்றால் கொடியையும் பிரிவையும் பற்றிப் பேசுவதற்கு முன் எங்கே நிற்பது என்பதைத்தான் சொல்கிறேன். வளைவின் வெளிப்பக்கத்தில், தடுப்பு இல்லாத இடத்தில், ஒருபோதும் நிற்க வேண்டாம். கட்டுப்பாட்டை இழக்கும் வாகனம் பெரும்பாலும் வளைந்து போகாது. தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேராகப் போகும், அந்தத் திசை வளைவின் வெளிப்பக்கம். தடுப்பு இருந்தாலும் அதன் மேல் சாய்ந்து கைபேசியை நீட்ட வேண்டாம். ஒரு விபத்து நடந்த உடனே அதைப் பார்க்க ஓட வேண்டாம், அடுத்த வாகனம் அதே இடத்துக்கு அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். மார்ஷல் ஒருவர் பின்னால் போகச் சொன்னால் காரணம் கேட்காமல் போய்விட வேண்டும்.

நீங்கள் தயாரிக்கும் தாளில் இது முதல் பத்தியாக இருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கொடிமேடை

முழுமையாக ஏற்கிறேன், ஐயா. ஒரு விளக்கம் மட்டும். மஞ்சள் கொடி அசையும் இடத்தில் நாங்கள் சில நேரம் தடத்தின் ஓரத்துக்கு இறங்கி வேலை செய்கிறோம். எங்களைப் பார்த்து, அங்கே நிற்பது பாதுகாப்பானது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். எங்களில் ஒருவர் குனிந்து வேலை செய்யும்போது மற்றொருவர் வரும் கார்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்று விசில் கொடுப்பார். பார்வையாளருக்கு அப்படி ஒருவர் இல்லை.

உடுமலை_செல்வி

தாளைத் தமிழில் எழுத முயன்றபோது ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன். "சுற்று" என்ற சொல்லை எதற்குப் பயன்படுத்துவது? தடத்தை ஒருமுறை சுற்றி வருவதும் சுற்று. தேசியப் போட்டியின் இரண்டாம் கட்டத்தைச் செய்தித்தாள்களில் "இரண்டாவது சுற்று" என்கிறார்கள். புறப்படும் வரிசையை முடிவு செய்யும் ஓட்டத்துக்குத் "தகுதிச் சுற்று" என்று பெயர். "மூன்றாம் சுற்றின் தகுதிச் சுற்றில் ஐந்தாம் சுற்றில் சிறந்த நேரம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நானே திகைத்துப்போனேன்.

நேரக்கணக்கு

எங்கள் குழுவில் தமிழ் பேசுபவர்கள் எல்லோரும் லேப் என்றுதான் சொல்கிறோம். அந்த ஒன்றை மட்டும் லேப் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. போட்டித் தொடரின் கட்டத்துக்குச் சுற்று இருக்கட்டும், ஏனென்றால் மக்கள் அதைப் பத்திரிகையில் படித்துப் பழகிவிட்டார்கள். தகுதிச் சுற்றைத் "தகுதி ஓட்டம்" என்று மாற்றிவிட்டால் மூன்றும் தனித்தனியாக நிற்கும். கிரிட் என்பதைப் "புறப்பாட்டு வரிசை" என்று எழுதலாம். கார்களை நிறுத்திக் குழுவினர் வேலை பார்க்கும் பிட் என்பதை மொழிபெயர்க்க வேண்டாம். அது எந்த இடம் என்று கையால் காட்டினாலே போதும்.

செட்டிபாளையம்_கார்த்தி

பார்ப்பதோடு நில்லாமல் ஓட்ட வேண்டும் என்று கேட்டுத் தனிச் செய்தியில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கார்ட்டிங் தடத்தில், அதாவது சிறிய திறந்த பந்தய வண்டிகள் ஓடும் தடத்தில், பழகுங்கள். குறைந்த செலவில் கோடு, பிரேக், பொறுமை மூன்றும் அங்கே வரும். அடுத்து, பந்தயத் தடத்தில் நடக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேருங்கள். போட்டியில் இறங்குவதற்கு எஃப்எம்எஸ்சிஐ எனப்படும் தேசியக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். மருத்துவச் சான்றும் கேட்பார்கள். சொந்தமாகக் கார் வாங்கத் தேவையில்லை. அணிகள் ஒரு போட்டிக்கோ ஒரு பருவத்துக்கோ கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் காரை ஓட்டத் தருகின்றன. விபத்தில் உண்டாகும் சேதத்தை யார் ஏற்பது என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் ஆண்டில் அதைக் கேட்காமல் விட்டு, முன்சக்கரத் தாங்கு கரம் ஒன்று வளைந்ததற்காக நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன்.

பொதுச்சாலையில் பழகலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம். அங்கே எதிரில் வருபவருக்குப் பந்தயம் நடப்பது தெரியாது.

மேடவாக்கம்_தந்தை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் மீண்டும் போயிருந்தோம். செல்வி அவர்கள் எழுதிய தாளின் முதல் வரைவை அச்செடுத்து, மடித்து, அவள் தன் சட்டைப் பையில் வைத்திருந்தாள். தனிவளைவு ஐயா சொன்னபடி பிரேக் பிடிக்கும் வளைவுக்குப் போனோம். தடுப்புக்குப் பின்னால் உயரமான மேடையில் இடம் பிடித்தோம். எதிரே ஒரு மஞ்சள் விளம்பரப் பலகை இருந்தது. அதன் இடது ஓரத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

அவள் முன்னணிக் கார்களைப் பார்க்கவில்லை. ஏழாவதாகவும் எட்டாவதாகவும் ஓடிய இரண்டு கார்களைத் தேர்ந்தெடுத்து, லேப்புக்கு லேப் நேரத்தைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். 3.1, 2.9, 2.5, 2.6, 2.0 என்று இருந்தது அந்த வரிசை. 2.6 ஏன் கூடியது என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த லேப்பில் பின்னவருக்கு முன்னால் மெதுவான கார் ஒன்று இருந்தது, அதற்கு நீலக் கொடி காட்டினார்கள் என்று அவளே சொன்னாள். கடைசி லேப்பில் அந்த இரண்டு கார்களும் பக்கத்துக்குப் பக்கமாக எங்கள் வளைவுக்குள் வந்தபோது எங்களைச் சுற்றி யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன்னால் வெற்றியாளருக்கு முடிவுக் கொடி விழுந்துவிட்டது, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது கார் உள்பக்கமாக நுழைந்து, முந்தி, வெளியேறும்போது அகலமாகப் போய், இடத்தைத் திரும்ப இழந்தது. அவள் இருக்கையில் உட்காரவே இல்லை.

பந்தயம் முடிந்ததும் அறிவிப்புப் பலகை எங்கே என்று அவளே ஒரு மார்ஷலிடம் கேட்டாள். அவர் எங்களைக் கூடவே அழைத்துப்போய்க் காட்டினார். ஏழாவதாக வந்தவருக்கு மஞ்சள் கொடியின் கீழ் முந்தியதற்காக நேரத் தண்டனை விதிக்கப்பட்டு, அவள் கவனித்த எட்டாவது கார் ஏழாவது ஆகியிருந்தது.

தாளை இறுதி செய்து அடுத்த போட்டியின் அமைப்பாளர்களிடம் கொடுத்து, நுழைவாயிலில் வழங்க அனுமதி கேட்கலாம் என்று இருக்கிறேன். அச்சுச் செலவை நான் ஏற்கிறேன். பிழை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

கொடிமேடை

பாப்பாவுக்கு என் வாழ்த்துகள். தாளில் ஒரு திருத்தம் உண்டு. நான்காவது பத்தியில் "வெள்ளைக் கொடி என்றால் கடைசி லேப்" என்று இருக்கிறது. அமெரிக்க நீள்வட்டத் தடங்களில் அப்படித்தான். தொலைக்காட்சியில் அவற்றைப் பார்த்தவர்கள் இங்கேயும் அதையே எதிர்பார்க்கிறார்கள். நம் போட்டிகள் சர்வதேசக் கூட்டமைப்பின் கொடி முறையைப் பின்பற்றுகின்றன. இங்கே வெள்ளைக் கொடி என்றால் முன்னால் தடத்தில் மிக மெதுவாக ஒரு வாகனம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது பழுதான காராக இருக்கலாம், மீட்பு வண்டியாகவும் இருக்கலாம். அந்த வரியை மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். முடிந்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், வெயிலில் நின்று படிக்க வேண்டிய தாள் அது.